விண்கப்பலில் என்ன பேசிக்கொள்வார்கள்? அறிவியல் புனைவுத் தொடர்களின் சொல்பட்டறை

வங்கக் கடலில் புயல் சின்னம் உருவானதும் பாம்பன் துறைமுகத்தில் கூண்டு ஏற்றுவார்கள். "ஒண்ணாம் நம்பர் ஏத்திட்டாங்க" என்று ஒருவர் சொன்னால் மண்டபத்திலிருந்து ராமேஸ்வரம் வரை யாருக்கும் அடுத்த கேள்வி இருக்காது. பகலில் கூம்பும் உருளையுமாகத் தொங்கும். இரவில் அதே சேதியைச் சிவப்பு, வெள்ளை விளக்குகள் சொல்லும். மொத்தம் 11 எண்கள். 1, 2 என்றால் தொலைவில், நடுக்கடலில் மோசமான வானிலை. 3, 4 துறைமுகத்துக்கே எச்சரிக்கை. 5 முதல் 7 வரை அபாயம், 8 முதல் 10 வரை பெரும் அபாயம். புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கடக்கும் என்பதையும் அந்த எண்களே சொல்லிவிடும். 11 என்றால் பத்தைவிடப் பெரிய புயல் என்றுதான் புதிதாகக் கேட்பவர் நினைப்பார். வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது என்று அதற்குப் பொருள்.

அறிவியல் புனைவுத் தொடருக்குச் சொல் செய்கிறவர் உட்கார்ந்து படிக்க வேண்டிய ஏற்பாடு இது. இதில் ஓர் அளவுகோல் இருக்கிறது. அதற்கு ஒரு முடிவு இருக்கிறது. ஏற்றுகிறவர் யார், பார்த்துக் கேட்டு நடக்கிறவர் யார் என்பது தெளிவு. ஏற்பாடே தோற்றுப்போகும் நிலைக்கும் ஓர் எண் ஒதுக்கியிருக்கிறார்கள். தொடர்களில் வந்த புனைசொற்களில் நிலைத்தவற்றையும் காணாமல் போனவற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு இங்கேதான் தெரிகிறது. சொல் எவ்வளவு விஞ்ஞானமாக ஒலிக்கிறது என்பது இரண்டாம்பட்சம். அது எதைச் செய்யாது, எப்போது கைவிடும், யார் வாயில் வரும் என்பவை முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

1966இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய 'ஸ்டார் ட்ரெக்' இந்தத் தொழிலுக்குப் பழைய பாடம். தொடருக்கு முன் மாதிரியாக எடுத்த அதன் முதல் அத்தியாயத்தில் ஆயுதத்தின் பெயர் லேசர். லேசர் அப்போதுதான், 1960இல், ஆய்வகத்தில் பிறந்திருந்தது. அது என்ன செய்யும், என்ன செய்யாது என்று நாளிதழ் படிப்பவருக்கும் தெரியவரும் காலம் நெருங்கியது. "லேசர் அப்படியெல்லாம் செய்யாதே" என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, தொடராக வந்தபோது அதை 'ஃபேஸர்' ஆக்கினார்கள். கப்பலுக்கு ஆற்றல் தரும் படிகத்துக்கும் இதே கதி. முதலில் லித்தியம் என்றார்கள். அது உண்மையான உலோகம், அதன் வேதியியல் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. முன்னால் ஒரு 'டை' சேர்த்ததும் டைலித்தியம், எழுத்தாளருக்கு விடுதலை. (இரண்டு லித்தியம் அணுக்கள் சேர்ந்த மூலக்கூறு ஆவிநிலையில் உண்மையிலேயே உண்டு; படிகம்தான் கற்பனை.) தெரிந்த பொருளின் பெயருக்கு ஓர் அடி தள்ளி நிற்பது, ஆனால் கண்ணுக்கெட்டாத தூரம் போகாமல் இருப்பது: இன்றைக்கும் செல்லுபடியாகும் முறை.

ஆட்களைக் கரைத்து இன்னோர் இடத்தில் சேர்க்கும் டிரான்ஸ்போர்ட்டர் வந்ததற்குக் காரணம் அறிவியல் ஆசை கிடையாது. வாரா வாரம் ஒரு கோளில் கப்பல் இறங்குவதைப் படம் பிடிக்கக் காசு இல்லை. செலவை மிச்சப்படுத்த வந்த கருவி கதையில் பெரிய ஓட்டை போட்டது. யாரையும் எங்கிருந்தும் தூக்கிவிடலாம் என்றால் நாயகனுக்கு ஆபத்து ஏது? ஆகவே ஏறக்குறைய ஒவ்வொரு கதையிலும் அதைக் கெடுத்தாக வேண்டியிருந்தது: குறுக்கே காந்தப் புயல், பாறையில் தாது, எதிரியின் தடுப்பு. எல்லையைக் கருவியோடு சேர்த்தே வைத்திருந்தால் ஒவ்வொரு முறையும் புதுச் சாக்கு தேடியிருக்க வேண்டாம்.

பிரிட்டனின் 'டாக்டர் ஹூ'வில் இதே நோய் முற்றிப்போனது. 1968இல் சோனிக் ஸ்க்ரூடிரைவர் என்ற சிறு கருவி வந்தது. முதலில் திருகைக் கழற்றியது. பிறகு பூட்டைத் திறந்தது, வெடி வைத்தது, இன்னும் என்னென்னவோ. 1982இல் ஒரு கதையில் அதை உடைத்தே போட்டார்கள். நாயகன் எதிலிருந்தும் சுளுவாகத் தப்பிக்கிறான் என்பது தயாரிப்பாளரின் குறை. 2005இல் தொடர் மறுபிறப்பு எடுத்தபோது கருவியும் திரும்பியது. பின்னர் ஒரு தளையும் போட்டார்கள்: மரத்தில் வேலை செய்யாது. ஒரு வரி விதிதான். ஆனால் அதன்பின் ஒரு சாதாரண மரக்கதவை வைத்தே காட்சியை இறுக்க முடிந்தது.

எல்லையை முதலிலேயே கட்டியதற்கு 'ஸ்டார்கேட்' நல்ல சான்று. கோளுக்குக் கோள் தாண்ட அதில் ஒரு வளைய வாயில். அதைத் திறக்க ஏழு குறிகளை வரிசையாக இட வேண்டும்: ஆறு, போக வேண்டிய இடத்துக்கு, ஏழாவது, புறப்படும் இடத்துக்கு. திறந்த வாயில் 38 நிமிடத்துக்கு மேல் தாங்காது. பார்ப்பவர் இந்த இரண்டையும் தெரிந்துகொண்டால் போதும். ஆறாவது குறியில் கை நடுங்கும்போது விளக்கம் இல்லாமலே நெஞ்சு படபடக்கும். கப்பலின் வேகத்தைச் சொல்லும் ஸ்டார் ட்ரெக்கின் 'வார்ப்' எண்ணும் கணக்குள்ளது. பழைய தொடரில் எண்ணின் முப்படி மடங்கு ஒளிவேகம்: வார்ப் 6 என்றால் 216 மடங்கு. 4.24 ஒளியாண்டு தொலைவிலுள்ள அடுத்த விண்மீனுக்கு அந்த வேகத்தில் ஏழு நாள் ஆகும். வாராந்தரத் தொடருக்கு வசதியான தூரம். 1987இல் வந்த புதிய ஸ்டார் ட்ரெக் தொடரில் அளவுகோலைத் திருத்தி, 10 என்றால் முடிவிலி, எட்டவே முடியாது என்று அடைத்தார்கள். அடைக்காவிட்டால் எழுத்தாளர்கள் 14, 36 என்று ஏற்றிக்கொண்டே போவார்கள், ஏலம் போலாகிவிடும்.

அந்த 1987 தொடரின் பட்டறையில் இன்னொரு வழக்கம் இருந்தது. கதை எழுதுகிறவர் வசனத்தில் கருவிப் பெயர் வரும் இடத்தில் 'டெக்' என்று மட்டும் எழுதிவிட்டுப் போய்விடுவார். அறிவியல் ஆலோசகர்கள் பிறகு இட்டு நிரப்புவார்கள். பல நல்ல சொற்கள் இப்படிப் பிறந்தன. துகளின் இடத்தையும் உந்தத்தையும் ஒருசேரத் துல்லியமாக அறிய முடியாது என்று இயற்பியலாளர் ஹைசன்பர்க் சொன்ன விதி டிரான்ஸ்போர்ட்டருக்கு முட்டுக்கட்டை; எனவே 'ஹைசன்பர்க் ஈடுசெய்கருவி'. அது எப்படி வேலை செய்கிறது என்று தொடரின் வடிவமைப்பாளர் மைக்கேல் ஒகுடாவிடம் கேட்டதற்கு, "ரொம்ப நன்றாக" என்று பதில் சொன்னாராம். நேர்மையான பதில். ஆனால் இந்த முறையில் ஒரு கண்ணி இருக்கிறது. சிக்கலுக்கும் புனைசொல், தீர்வுக்கும் புனைசொல் என்றால் பார்ப்பவருக்குப் பிடித்து நிற்க எதுவும் இல்லை. 1972இல் டாக்டர் ஹூவில் வந்த புகழ்பெற்ற வசனம் "நியூட்ரான் ஓட்டத்தின் துருவத்தைத் திருப்பு". நியூட்ரானுக்கு மின்னூட்டமே கிடையாது. எந்தத் துருவத்தைத் திருப்புவது? நடிகர் விறுவிறுப்பாகச் சொன்னதால் வாழ்ந்தது. எல்லாருக்கும் அந்த நடிகர் கிடைக்க மாட்டார்.

எங்கள் பார்வையில் புனைசொல்லின் உச்சம் 'தி எக்ஸ்பான்ஸ்'. 2015இல் தொடங்கிய தொடர். அங்கே சொற்கள் ஆய்வகத்திலிருந்து வரவில்லை, வேலைக்காரர்களின் வாயிலிருந்து வருகின்றன. கப்பல் கடும் முடுக்கத்தில் போகும்போது உடல் தாங்க நரம்பில் ஏற்றும் மருந்துக்குப் பெயர் 'ஜூஸ்'. பாதி வழி எஞ்சினை எரித்து, கப்பலைத் தலைகீழாகத் திருப்பி, மீதிப் பாதி எரித்து வேகத்தைக் குறைப்பதற்கு 'திருப்பி எரி' என்பதுபோல் மூன்றே அசைச் சொல். இதன் கணக்கும் சரி. பூமிக்கும் செவ்வாய்க்கும் இடையே 7.8 கோடி கி.மீ. என்று வைத்து, நம் பூமியின் ஈர்ப்பளவுக்கு முடுக்கினால், தூரத்தை முடுக்கத்தால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, இரண்டால் பெருக்க வேண்டும்: ஏறக்குறைய 1,78,000 நொடி, அதாவது இரண்டு நாளுக்குச் சற்றே மேல். சொல்லைக் கேட்டதும் இந்தக் கணக்கு நினைவுக்கு வர வேண்டியதில்லை. கணக்குப் போடுகிறவர் ஏமாறாமல் இருந்தால் போதும். அந்தத் தொடரின் சிறுகோள்வாசிகளுக்கு மொழியியலாளர் நிக் ஃபார்மர் ஒரு கலப்பு மொழியே செய்து கொடுத்தார். அவர்கள் கையை வீசிப் பேசுவார்கள். விண்வெளி உடைக்குள் முகபாவம் தெரியாது என்பதால் வந்த பழக்கம் அது.

ஆள் பெயரில் பாகம் இருப்பதும் இந்த வகைதான். ஸ்டார் ட்ரெக் கப்பலில் தவழ்ந்து போகும் பழுதுபார்ப்புக் குழாய்க்கு 'ஜெஃப்ரிஸ் குழாய்' என்று பெயர். கப்பலை வடிவமைத்த கலை இயக்குநர் மாட் ஜெஃப்ரிஸ். 1914இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தின் திறக்கும் பகுதியும் அப்படியே: பொறியாளர் ஷெர்ஸர் பெயரில் 'ஷெர்ஸர் ஸ்பான்'. ஆவணத்தில் ஷெர்ஸர், ஊர் வாயில் 'தூக்குப் பாலம்'. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே செங்குத்தாக மேலேறுகிறது. பொறியியல் முற்றிலும் வேறு. ஊர் அதையும் தூக்குப் பாலம் என்றே சொல்கிறது. ஒரு கருவிக்கு ஆவணப் பெயர் ஒன்று, வாய்ப்பெயர் ஒன்று என இரண்டு வைத்தால், யார் எதைச் சொல்கிறார் என்பதிலேயே பாத்திரத்தின் இடம் தெரிந்துவிடும்.

தமிழில் தொடர் எழுதும்போது இடறும் கற்கள் வேறு. முதல் கல் எழுத்து. நம் எழுத்தில் க ஒன்றுதான். 'கட்டா' என்று ஒரு கோளுக்குப் பெயர் வைத்தால் ஒரு நடிகர் ஒலிப்புடனும் இன்னொருவர் ஒலிப்பில்லாமலும் படிப்பார், ஒலிப்பதிவில் இரண்டு கோள் ஆகிவிடும். சொல் முதலில் வல்லொலி, மெல்லினத்துக்குப் பின் மெலிந்த ஒலி என்ற இயல்பான பழக்கத்தையே சார்ந்து பெயர் செய்தால் குழப்பம் குறையும். ழ, ள வேறுபாட்டை மட்டும் நம்பி இரண்டு சொல்லைப் பிரிக்கக் கூடாது. ராமநாதபுரக் கரையின் பேச்சில் மழை பெரும்பாலும் மளைதான்.

அடுத்தது வேற்றுமை உருபு. எந்தப் புதுச் சொல்லையும் ஐ, க்கு, ல, ஓட என்று நான்கையும் ஒட்டி உரக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். 'காலவெளி வளைவு உந்துபொறி அமைப்பு' என்ற சங்கிலியோடு 'அமைப்பைத் திருப்பு' என்று சேர்ப்பதற்குள் கப்பல் மோதிவிடும். மெய்யில் முடியும் அந்நியப் பெயர் வாயில் உகரம் பெறும். படகு 'போட்' என்று நிற்பதில்லை, 'போட்டு' ஆகி 'போட்டுல' என்று வளைகிறது. எழுதும்போதே அந்த வளைவோடு எழுதிவிடலாம்.

வேற்றுலகவாசியின் பேச்சில் இன்னொரு சறுக்கல். ஸ்டார் ட்ரெக்கின் வேற்றுலக இனமான கிளிங்கன்களின் மொழியை அதன் 1984 திரைப்படத்துக்காக உருவாக்கிய மார்க் ஒக்ராண்ட், செயப்படுபொருள், வினை, எழுவாய் என்ற அபூர்வ வரிசையை வேண்டுமென்றே எடுத்தார். ஆங்கிலக் காதுக்கு அது அந்நியம். தமிழில் "கப்பலை உடைத்தான் அவன்" என்றால் யாரும் திடுக்கிட மாட்டார்கள், கவிதை என்பார்கள். நம் காதை உறுத்த வேறு இடத்தில் கைவைக்க வேண்டும். 'நாங்கள்' என்ற சொல்லே இல்லாத, எப்போதும் கேட்பவரையும் சேர்த்து 'நாம்' என்றே பேசும் ஓர் இனத்தை வையுங்கள். "நாம் இந்தக் கோளை எரிப்போம்." அந்த ஒரு சொல்லில் வரும் குளிர் எந்த விசித்திர எழுத்துக் கூட்டிலும் வராது. தமிழில் இதற்கு முன்னோடி இல்லாமல் இல்லை. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வில் குடிமக்களின் பெயர் இரண்டே எழுத்து: நிலா, சிபி, ரவி. ஒரு சர்வாதிகாரத்தை அந்தக் குட்டைப் பெயர்களே காட்டிவிட்டன.

இனி ஒரு சொல்லை முழுதாகச் செய்து பார்க்கலாம். கதை 2190இல், தனுஷ்கோடியிலிருந்து ஏவப்படும் சரக்குக் கப்பல்களைப் பற்றியது என்று வைப்போம். இரண்டு வான்பொருள்களின் ஈர்ப்பும் சுற்றும் இயக்கமும் சமன்பட்டு நிற்கும் இடங்களை ஒட்டி, மிகக் குறைந்த எரிபொருளில் போகக்கூடிய வளைந்த பாதைகள் உண்மையில் உண்டு. ஜப்பானின் ஹிட்டென் விண்கலம் 1991இல் அப்படித்தான் நிலவை அடைந்தது. எரிபொருள் மிச்சம், காலம் கூடுதல். தென்மாவட்டக் கரைகளில் நீரோட்டத்தை 'நீவாடு' என்பார்கள். அந்தப் பாதைகளுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் தேட வேண்டாம். பணக்காரக் கப்பல் எஞ்சினை எரித்துப் போகும், ஏழைக் கப்பல் நீவாட்டில் போகும். விசைப்படகுக்கும் வல்லம் என்ற நாட்டுப்படகுக்கும் உள்ள உரசல் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

நீவாட்டைக் காட்டும் கருவி 'நீவாடி'. கடலாடி என்ற ஊர் இருக்கிற ராமநாதபுர மாவட்டத்துக்கு இந்த ஈறு புதிதில்லை. எல்லையை இயற்பியலே தருகிறது. தடையின்றி விழுந்துகொண்டிருக்கும் கப்பலுக்குள் ஈர்ப்பை நேராக அளக்க முடியாது. கப்பலோடு எடையும் சேர்ந்தே விழுகிறது. கப்பலின் இரு கோடிகளில் இரண்டு எடைகளை வைத்து, அவற்றின் இழுப்பில் உள்ள நுண்ணிய வித்தியாசத்தைத்தான் அளக்கலாம். எஞ்சின் ஓடினால் அளவு கெடும். ஆள் நடந்தாலும் கெடும். ஆகவே நீவாடி பார்க்கும் அரை மணி நேரம் எல்லாரும் கட்டியபடி அசையாமல் உட்கார வேண்டும். பணியாளர்கள் அதற்கு 'கொலு' என்று பெயர் வைத்திருப்பார்கள். எதிரி துரத்தும்போது கொலு வைக்க வேண்டி வந்தால் அந்த அத்தியாயத்துக்கு வேறு திருப்பம் தேவைப்படாது.

தூரத்துக்கு அலகு. கடலில் ஆழம் பாகக் கணக்கு. ஒரு பாகம் சுமார் 6 அடி. அதே பாகத்தை அப்படியே விண்வெளிக்குக் கொண்டுபோனால் சுழியங்கள் வாயை அடைக்கும். ஒரு நொடியில் ஒளி போகும் தூரத்தை, சுமார் 3 லட்சம் கி.மீ.ஐ, 'ஒளிப்பாகம்' என்று வைத்தால் நிலா 1.28, ஆதித்யா எல்1 நிற்கும் இடம் 5, சூரியன் 499. கூடவே ஒரு லாபம்: எண்ணைக் கேட்டதும் சேதி போய்ச் சேர எத்தனை நொடி என்பதும் தெரிந்துவிடுகிறது.

ஆட்களின் பெயர்களை மாற்ற வேண்டாம். படகின் சொந்தக்காரர் சம்மாட்டி, பெரும்பாலும் கரையில் இருப்பார். விசைப்படகைக் கடலில் நடத்துகிறவர் டிரைவர். கடலுக்குப் போக மீன்வளத் துறையின் டோக்கன் வேண்டும். விசைப்படகுக்கு 3 நாள், நாட்டுப்படகுக்கு 4 நாள் என்ற பாக் நீரிணை ஏற்பாடும் இருக்கிறது. இவை அப்படியே விண்ணுக்குப் போகலாம். 2190இலும் டோக்கன் டோக்கன்தான். எல்லாவற்றையும் தூய தமிழாக்குவதும், எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் விடுவதும் ஒரே சோம்பலின் இரண்டு முகம். உழைக்கும் இடத்துப் பேச்சில் இரண்டும் தேய்ந்து கலந்தே கிடக்கும்.

சோதனை இப்படி. "தலைவரே, ஈர்ப்புவிசை ஓட்ட அளவீட்டுக் கருவி செயலிழந்துவிட்டது!" இதை எந்தப் பணியாளும் சொல்ல மாட்டான்.

"அண்ணே, நீவாடி செத்துப்போச்சு."

"கடைசியா எங்க காட்டுச்சு?"

"நாலு ஒளிப்பாகத்துல, வலது கைப்பக்கம்."

"சம்மாட்டிக்குச் சொல்லிட்டியா?"

"சொல்லி, பதில் வர்றதுக்குள்ள நாம தாண்டிருவோம்ணே."

நீவாடி என்னவென்று தெரியாதவருக்கும் இங்கே சிக்கல் புரிகிறது. விளக்கம் தேவைப்பட்டால் அடுத்த காட்சியில், அதுவும் கருவியைக் கழற்றிக்கொண்டே வரட்டும். ஒரு காட்சிக்கு ஒரு புதுச் சொல்லுக்கு மேல் வேண்டாம்; இரண்டாவது வந்தால் முதலாவது மறந்துபோகும்.

சொற்பதிவேடு கட்டாயம். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வரி: ஆவணப் பெயர், வாய்ப்பெயர், யார் சொல்வார், என்ன செய்யும், என்ன செய்யாது, முதலில் வந்த அத்தியாயம், உருபு சேர்ந்த வடிவங்கள், ஒலிப்பதிவுக் குறிப்பு. நான்காவது அத்தியாயத்தை வேறொருவர் எழுதும்போதுதான் இதன் அருமை தெரியும். கொலு அரை மணியா பத்து நிமிடமா என்று அவர் பதிவேட்டைத்தான் பார்க்க வேண்டும், தன் காட்சியின் அவசரத்தை அல்ல.

வசைச்சொல்லையும் பதிவேட்டில் சேர்க்க வேண்டும். 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா'வில் ஒளிபரப்பு விதிக்குத் தப்ப 'ஃப்ராக்' என்று ஒன்றைப் புனைந்தார்கள். கடுப்பில் பல்லைக் கடித்துச் சொல்ல வாகான ஒலி, அதனால் ஒட்டிக்கொண்டது. நம் கதைக்கு 'வலைகிழிஞ்சவனே' மாதிரி தொழிலிலிருந்து ஒன்று செய்யலாம்: வலை கிழிந்தால் அன்றைய பாடு போச்சு என்பது கேட்பவருக்குத் தெரியும், தணிக்கைக்கும் வேலையில்லை.

கடைசியாக, இன்ஜின் சத்தத்தில் சோதிக்க வேண்டும். டீசல் இன்ஜின் ஓடும்போது பத்தடி தள்ளி நின்று சொல்லைக் கூவிப் பார்த்தால் போதும். ந, ம போன்ற ஒலிகள் அந்த அடித்தொனி இரைச்சலில் அமுங்கிவிடும். ப, ட, க வெடித்துக் கேட்கும். நீண்ட ஆ தூரம் போகும். இந்தச் சோதனையில் 'நீவாடி' தோற்கிறது. கருவியின் பெயராக அது இருக்கட்டும். எதிரே பாறைக் கூட்டம் வரும்போது கூவ வேறு சொல் வேண்டும். மன்னார் வளைகுடாவில் கடலடிப் பாறைத்திட்டைப் 'பார்' என்கிறார்கள். வல்லினத்தில் தொடங்குகிறது, நீண்ட ஆ இருக்கிறது, ஓர் அசைதான். முன்பின் கேட்டிராதவர்கூடத் திரும்பிப் பார்த்துவிடுவார்.